கொங்கு வட்டாரத்தில் கிராமபோன் இசைத்தட்டுகள்: சேகரிப்பாளர் மதிப்பும் வரலாற்று மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நகலெடுக்கத்தக்க கேளிக்கைப் பொருள்கள் பழையனவாகும்போது அவற்றின் மூலப்படிகளுக்கு விலை ஏறுகிறது. இவ்விலையை நிர்ணயிக்கும் அளவுகோல்கள் வரலாற்றாய்வுக்கு எந்த அளவு துணைசெய்கின்றன, எங்கே ஊறு விளைவிக்கின்றன என்பதைக் கொங்கு வட்டாரத்தோடு தொடர்புடைய 78 சுழற்சி இசைத்தட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய கணினி விளையாட்டுகளின் சந்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கிராமபோன், இசைத்தட்டு, சேகரிப்பு, கொடுமுடி, கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா, கணினி விளையாட்டு, ஒலி ஆவணம்.

முன்னுரை

1996ஆம் ஆண்டு வெளிவந்த 'சூப்பர் மாரியோ 64' என்னும் விளையாட்டின் உறை பிரிக்கப்படாத படியொன்று, 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அதே விளையாட்டை இன்று எமுலேட்டர் எனப்படும் மென்பொருளின் துணையோடு சாதாரணக் கணினியிலேயே ஆட முடியும். ஏலத்தில் எடுத்தவர் தம் படியை ஆடிப் பார்க்க வேண்டுமானால் உறையைக் கிழிக்க வேண்டும். கிழித்த நொடியே விலையின் பெரும்பகுதி போய்விடும். ஆடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள், ஆடப்படாமல் இருந்த காரணத்தாலேயே மதிப்புப் பெற்றது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அட்டாரி நிறுவனம் 1983இல் விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ நகரின் குப்பைமேட்டில் புதைத்தது. அவற்றுள் 'ஈ.டி.' என்னும் விளையாட்டு, இதுவரை வந்தவற்றுள் மிக மோசமானது என்று பெயரெடுத்தது. 2014இல் அக்குப்பைமேடு தோண்டப்பட்டது. நசுங்கி அழுக்கேறிய அக்கார்ட்ரிட்ஜுகளை நகராட்சி சான்றிதழோடு ஏலம்விட்டு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. இங்கே விளையாட்டின் தரமோ பொருளின் தூய்மையோ விலையைத் தரவில்லை. அப்பொருள் எங்கே கிடந்தது என்ற செய்தியே விலையாயிற்று.

இவ்விரண்டு சான்றுகளுக்கும் இடையே ஒரு வினா எழுகிறது. உள்ளடக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றான பின், மூலப்பொருளில் எஞ்சியிருக்கும் மதிப்பு யாது? தமிழ்நாட்டில் இவ்வினாவை எழுப்பும் முதன்மையான பொருள் கணினி விளையாட்டு அன்று. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் வந்த அரக்கு இசைத்தட்டே ஆகும். இரண்டும் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை; இரண்டும் தனியே பயன்படாமல் ஒரு கருவியை வேண்டி நிற்பவை; அக்கருவி வழக்கொழிந்ததும் இரண்டும் பரணுக்குப் போயின.

மின்சாரத்துக்கு முன் வந்த பெட்டி

கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கெயிஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவுசெய்தார். தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908இல் கல்கத்தாவின் சீல்டாவில் தொழிற்சாலை அமைந்தபின் விலை இறங்கித் தட்டு நாடெங்கும் பரவியது. பத்து அங்குல விட்டமுள்ள ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு அடங்கும். அரக்கு, கல்மாவு, கரி ஆகியவற்றின் கலவையால் ஆன அத்தட்டு கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும்.

கொங்கு நாட்டுக்கு இப்பெட்டி ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் அது சாவி கொடுத்தால் ஓடும் என்பதே. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிக் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது. ஆனால் ஊரகம் முழுதும் கம்பி சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. வானொலியும் காலந்தாழ்ந்தே வந்தது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. கோயம்புத்தூருக்கு 1966 வரை தனி நிலையம் இல்லை. இந்த இடைவெளியில் கோபிசெட்டிபாளையம், கொடுமுடி, தாராபுரம் போன்ற ஊர்களில் பதிவுசெய்யப்பட்ட குரலைக் கேட்பதற்கு இருந்த முதன்மையான வழி தட்டுதான்.

மின்வசதியின்மை ஒரு விந்தையான சேகரிப்பு மதிப்பையும் பின்னாளில் உண்டாக்கியது. மேலை நாடுகளில் 78 சுழற்சித் தட்டுகள் 1950களின் இறுதியோடு ஏறத்தாழ வழக்கொழிந்தன. இந்தியாவில் சாவிப்பெட்டிகள் தொடர்ந்து ஓடியதால், 1960களிலும் அவை அச்சிடப்பட்டன. அதனால் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகளாக வந்தன. இங்கிலாந்தின் சேகரிப்பாளர்கள் இன்று பெருவிலை கொடுத்துத் தேடும் பொருள்களில் அவையும் சேர்ந்துள்ளன. ஓரிடத்தில் பழமைப்பட்ட வடிவமும் இன்னோரிடத்தில் புதிதாக எழுந்த இசையும் ஒரே தட்டில் சந்தித்த விபத்தே அவ்விலைக்கு அடிப்படை. இங்கே அதை வாங்கியவர்களுக்கு அது ஒரு தட்டு, அவ்வளவே.

கொடுமுடியின் குரலும் செங்கோட்டையின் குரலும்

காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1920களின் பிற்பாதியில் நாடக மேடையாலும் இசைத்தட்டாலும் தமிழகம் முழுதும் அறியப்பெற்றார். அவர் மணந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். அதன்பின் வெள்ளாடை உடுத்து, ஆண் நடிகரோடு இணைந்து நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதிபூண்டதும், 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதும் பலரும் எழுதியவை.

சேகரிப்பு மதிப்பை ஆராய இவ்விருவரையும் ஒப்பிடுவது பயன்தரும். சுந்தராம்பாளின் குரல் தட்டிலும் திரையிலும் 1970கள் வரை பல வடிவங்களில் பதிவாகியுள்ளது. 'ஔவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் பாடிய மேடையை எவரும் பதிவுசெய்யவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு மேடை வாழ்வில் இன்று கேட்க எஞ்சியிருப்பது அரக்குத் தட்டில் ஏறிய சில பாடல்கள் மட்டுமே. நாடகப் பாடல்களோடு வள்ளலாரின் விருத்தம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். ஆகவே கிட்டப்பாவின் தட்டை வாங்குபவர் ஓர் அரிய பொருளை மட்டும் வாங்கவில்லை. வேறெந்த வழியிலும் அணுக முடியாத ஒரு கலைஞரின் சான்றை வாங்குகிறார்.

ஆயினும் இங்கே ஒரு திருத்தம் தேவை. புகழ்பெற்ற தட்டு அரிய தட்டு அன்று. மக்கள் விரும்பிய பாடல்கள் மீண்டும் மீண்டும் அச்சாயின. வீடுதோறும் இருந்ததால் எஞ்சிய படிகளும் மிகுதி. எவரும் வாங்காத தட்டே எண்ணிக்கையில் அருகியது. நிண்டெண்டோ நிறுவனம் 1990இல் நடத்திய போட்டிக்கெனச் செய்த கார்ட்ரிட்ஜுகளுள் சாம்பல் நிறத்தவை 90, பொன்னிறத்தவை 26 என்பது சேகரிப்பாளர் அனைவரும் அறிந்த கணக்கு. அவற்றின் விலை அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. தமிழ் இசைத்தட்டுக்கு அத்தகைய கணக்கு இல்லை. எந்தத் தட்டு எத்தனை படி அச்சாயிற்று என்பதைக் கூறும் ஏடுகள் பொதுப் பார்வைக்கு வராத நிலையில், 'மிக அரிது' என்று விற்பவர் கூறும் சொல் பெரும்பாலும் அவர் கண்ட அளவையே குறிக்கும். அரிமையை மதிப்பிட ஆய்வாளருக்குக் கிடைக்கும் உறுதியான தடயம் தட்டிலேயே உள்ளது. நடுத்தாளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண் எந்தப் பதிவிலிருந்து அத்தட்டு வார்க்கப்பட்டது என்பதைக் காட்டும். நடுத்தாளின் நிறம், முத்திரை, பட்டியல் எண் ஆகியவற்றை அதனோடு பொருத்தினால் முதல் அச்சா மறு அச்சா என்று பிரித்தறியலாம்.

தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்ற நூல், விடுதலை இயக்கப் பாடல்கள் நாடக மேடையிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து தெருவுக்கும் சென்ற வழியைக் காட்டியது. ஸ்டீபன் ஹியூஸ் 2002, 2007ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் தமிழ்த் திரைப்படத்தின் இசை மிகுந்த வடிவத்துக்கு இசைத்தட்டு வணிகம் இட்ட அடித்தளத்தை நிறுவின. இவ்வாய்வுகளுக்குப் பின் தட்டு வெறும் நினைவுப்பொருளாக இருக்கும் நிலை மாறியது. ஆனால் தட்டைச் சந்தையில் எடைபோடும் அளவுகோல்கள் மாறவில்லை.

தேய்ந்த தட்டும் தேயாத தட்டும்

அவ்வளவுகோல்களுள் முதன்மையானது நிலை. கீறல் இல்லாமை, நடுத்தாளில் எழுத்து இல்லாமை, மூல உறை இருத்தல் என்று சேகரிப்பாளர்கள் படிநிலை வகுத்திருக்கின்றனர். கணினி விளையாட்டுச் சந்தையில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்து, பொருளைக் கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் அடைத்து எண் கொடுக்கும் நிறுவனங்கள் தோன்றியுள்ளன.

அரக்குத் தட்டில் இவ்வளவுகோல் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் வரித்தடத்தைச் சிறிது அரிக்கும். ஊசியை மாற்றாமல் ஓட்டினால் அரிப்பு மிகும். எனவே கேட்கப்பட்ட தட்டு தேயும். கேட்கப்படாத தட்டு புதிதாகவே இருக்கும். நிலைக்கு விலை கொடுக்கும் சந்தை, மக்கள் கேட்காதவற்றை உயர்த்தி, உயிராகக் கேட்டவற்றைத் தாழ்த்துகிறது. கிட்டப்பாவின் தட்டு இரைச்சலோடு ஒலிப்பதற்குக் காரணம் அதன் உரிமையாளரின் அலட்சியம் என்று சொல்லப்படுவதுண்டு. அது அவருடைய ஈடுபாடாகவும் இருக்கலாம்.

தேய்மானம் ஓர் ஆவணம் என்று கொண்டால், ஒரு தட்டின் எப்பகுதி மிகுதியாகத் தேய்ந்துள்ளது, இரு பக்கங்களுள் எது வெளுத்துள்ளது என்பவையெல்லாம் கேட்போர் வரலாற்றுக்குத் தரவுகளாகும். நடுத்தாளில் மையால் எழுதப்பட்ட பெயரோ ரப்பர் முத்திரையோ இதனினும் மதிப்பு மிக்கது. கொங்கில் திருமணத்துக்கும் கோயில் நோன்புக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட 'ரேடியோ செட்' கடைக்காரர்கள் தங்கள் தட்டுகள் மாறிப்போகாமலிருக்கப் பெயர் எழுதுவதும் எண் இடுவதும் இயல்பு. விற்ற கடையின் முத்திரை உறையில் இருக்கும். கோபிசெட்டிபாளையத்துக் கடையொன்றின் முத்திரையோடு ஒரு தேசியப் பாடல் தட்டு கிடைக்குமானால், அப்பாடல் எவ்வூர்வரை எட்டியது என்ற வினாவுக்கு வேறெந்த நூலும் தராத விடை அந்த மைக்கறையில் இருக்கிறது. சேகரிப்பாளரின் பட்டியலிலோ அதற்குப் பெயர் 'நடுத்தாள் பழுது'. அதை நீக்கிவிட்டு விற்பவரும் உண்டு. முத்திரையிட்ட பழைய உறையை எறிந்துவிட்டுப் புத்துறை இடுவது அதனினும் பரவலான வழக்கம்.

அலமோகோர்டோவின் அழுக்கேறிய கார்ட்ரிட்ஜுகள் இவ்விடத்தில் பாடமாகின்றன. அங்கே அழுக்கைத் துடைத்திருந்தால் எஞ்சுவது எங்கும் மலிவாகக் கிடைக்கும் ஒரு மோசமான விளையாட்டு. கிடந்த இடத்தின் சான்றை நகராட்சி தாளில் எழுதித் தந்ததால்தான் அது வரலாற்றுப் பொருளாயிற்று. கொடுமணலில் அகழ்ந்தெடுக்கும் பானையோட்டின் கீறலை அழித்துவிட்டுக் காட்சிக்கு வைப்பதை எந்தத் தொல்லியலாளரும் ஏற்கமாட்டார். இசைத்தட்டில் மட்டும் அது தூய்மைப்படுத்தல் என்று கருதப்படுகிறது.

தலைமுறையும் விலையும்

பழையபொருள் மிகப் பழையதாக இருந்தால் மிகுந்த விலை பெறும் என்ற எண்ணம் பொதுவானது; சந்தை அதை உறுதிப்படுத்தவில்லை. கணினி விளையாட்டுகளுள் 1980களிலும் 1990களிலும் வந்தவை உச்ச விலை எய்தியதற்கு, அக்காலத்தில் சிறுவராயிருந்தோர் இன்று வருவாயுடையோராய் இருப்பது ஒரு காரணம். தமிழ்நாட்டிலும் 78 சுழற்சித் தட்டைத் தாமே கேட்டு வளர்ந்த தலைமுறை அருகிவிட்டது. வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' (1983) போன்ற இளையராஜா இசைப் படங்களின் நீள்தட்டுகளை நோக்கி வாங்குவோர் விருப்பம் நகர்ந்திருப்பதற்கு இதுவே விளக்கம். படப்பிடிப்புகளுக்குப் பெயர்பெற்ற கோபி வட்டாரத்தில் இத்தட்டுகளுக்கு ஊர்ப்பற்றும் சேர்ந்துகொள்கிறது. இந்நகர்வில் பிழையில்லை. ஆனால் நினைவோர் இல்லாத பொருளை விலை காப்பாற்றாது என்பது இதனால் தெளிவாகிறது. அரக்குத் தட்டு இப்போது அந்தக் கட்டத்தில் நிற்கிறது.

பதிவாகாத கொங்கு

சேகரிப்பாளரின் பட்டியல் எவ்வளவு முழுமை பெற்றாலும் தட்டில் ஏறாதது அதில் வராது. கொங்கின் பெருங்கதையான அண்ணன்மார் கதை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படுவது. மூன்று நிமிடத் தட்டுக்கு அது எவ்வகையிலும் அடங்காது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பகுதியில் ஒலிநாடாவில் அக்கதையை நீளப் பதிவுசெய்தார்; அதற்குள் கிராமபோன் காலம் ஏறத்தாழ முடிந்திருந்தது. கொங்கிலிருந்து தட்டுக்குப் போன குரல் சுந்தராம்பாளின் குரல் என்றால், அது நாடகக் குழுக்களின் வழியே, தமிழகம் முழுவதற்கும் பொதுவான மேடையிசையாய்ப் போனது. வட்டாரத்துக்கே உரிய இசையைத் தட்டில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். வட்டார வரலாற்றுக்குத் தட்டு தருவது பாடியோரின் செய்தியை விடக் கேட்டோரின் செய்தியே. மேலே கூறிய முத்திரையும் தேய்மானமும் இதனாலேயே முதன்மை பெறுகின்றன.

சட்டம் விட்ட இடைவெளி

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தால் ஒரு காலணாப் பாட்டுப் புத்தகமும் அரசின் காலாண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. விடுதலைக்குப்பின் 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டம் புத்தகங்களையும், 1956 திருத்தத்தின்படி செய்தித்தாள்களையும் நூலகங்களுக்கு அனுப்பப் பணித்தது. இசைத்தட்டை எச்சட்டமும் கேட்கவில்லை. ஒரே பாடலின் அச்சுவடிவம் அரசுப் பட்டியலில் நின்றது; ஒலிவடிவம் தனியார் பரணில் நின்றது. அதனால் தமிழ் ஒலி வரலாற்றின் காப்பகமாக நெடுங்காலம் இயங்கியவர்கள் சேகரிப்பாளர்களே. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் திரட்டிய பல்லாயிரம் தட்டுகள் இதற்குப் பெருஞ்சான்று. ஓடியன் முத்திரையில் 1912–16, 1932–38 ஆகிய இரு கட்டங்களில் இந்தியாவில் வந்த தட்டுகளைப் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் டிஜிட்டல் வடிவில் பாதுகாத்தபோதும், தனியார் சேகரிப்புகளிலிருந்தே தட்டுகள் பெறப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் அம்முத்திரையைத் தென்னகத்தில் பரப்பியது ஏ. வி. மெய்யப்பன் பங்காளியாயிருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ்.

சேகரிப்பாளரைக் குறைகூறும் ஆய்வாளர் இந்தக் கடனை மறந்துவிடலாகாது. அவர்களது ஆசை இல்லாதிருந்தால் தட்டுகள் உடைந்தோ எடைக்குப் போயோ அழிந்திருக்கும். சிக்கல், அவர்களது அளவுகோல் பொதுக் காப்பகங்களின் அளவுகோலாகவும் மாறுவதில் உள்ளது. ஒரு பாடலுக்கு நல்ல நிலையிலுள்ள ஒரு படி கிடைத்ததும், தேய்ந்த இரண்டாம் படி மிகையெனக் கழிக்கப்படுகிறது. ஒலியைக் காப்பதற்கு அது போதும். கேட்டோரைக் காப்பதற்கு அந்த இரண்டாம் படிதான் வேண்டும். டிஜிட்டல் கோப்பில் பாடலின் பெயர், பாடியவர், பட்டியல் எண் ஆகியவை இடம்பெறுகின்றன. கடை முத்திரைக்கும் கையெழுத்துக்கும் பெரும்பாலும் கட்டமே இருப்பதில்லை.

கணினி விளையாட்டைப் போலன்றி அரக்குத் தட்டுக்குச் சற்றுக் காலம் இருக்கிறது. காந்தவட்டில் எழுதிய நிரல் உறைக்குள் இருந்தவாறே மங்கிவிடும். உடையாத தட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஒலிக்கும். கொங்கின் பழைய ரேடியோ செட் கடைகளிலிருந்து விலைக்கு வரும் தட்டுக்கட்டுகளைக் கழுவுவதற்கு முன்பு, அவை அடுக்கப்பட்டிருந்த வரிசையையும் உறைகளையும் இருபுற நடுத்தாள்களையும் படமெடுத்து, வாங்கிய ஊரின் பெயரைக் குறித்துவைக்க ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும். அதன்பின் தட்டுகள் பிரிந்து எந்த ஊர்ச் சேகரிப்பாளரிடம் போனாலும், கட்டாக இருந்தபோது அவை கூறிய செய்தி தங்கிவிடும்.